கூலி கொடுத்ததற்கு என்ன ஆதாரம்?

சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்கிறீர்கள். காலையில் எட்டுப் பெண்கள் வருகிறார்கள். மதியம் ஒன்றரை மணிக்குக் கரையேறுகிறார்கள். ஆள் கூட்டி வந்த அம்மாவிடம் மொத்தக் கூலியையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஒட்டன்சத்திரம் பக்கம் போனாலும், வேடசந்தூர் பக்கம் போனாலும் இதுதான் வழக்கம். கையெழுத்து இல்லை, சீட்டு இல்லை. வந்தவர்களில் பாதிப் பேரின் முழுப் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது.

ஒரு வருடம் கழித்து அவர்களில் ஒருவர், "எனக்கு ஆறு நாள் கூலி பாக்கி" என்று தொழிலாளர் துறையில் மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள். ஆனால், கொடுத்ததை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

இந்தக் கேள்வி இப்போது எழக் காரணம் உண்டு. பழைய 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. தொலைக்காட்சி விவாதங்களில் பெண்களின் இரவுப் பணி, ஒரு வருடத்தில் கிராஜுவிட்டி, 300 பேர் வரை வேலை செய்யும் ஆலைகளில் ஆட்குறைப்பு என்று எல்லாம் பேசினார்கள். நிலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால், அந்த நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பில் விவசாயியை நேரடியாகக் குறிக்கும் ஒரு பிரிவு இருக்கிறது.

ஐந்து பேர் வரை

ஆள் வைத்து வேலை வாங்கும் எல்லோரும் பதிவேடு வைத்திருக்க வேண்டும், கூலிச் சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மிகாமல் வைத்துக்கொள்பவருக்கு இதில் விலக்கு உண்டு. அதோடு முடிந்துவிடவில்லை. ஆய்வாளர் கேட்டால், கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் ஒன்றை அந்த விவசாயியும் காட்ட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

கூலி வரவில்லை என்று ஒருவர் மனு கொடுத்துவிட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. வேலை செய்தவர் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. மனு கொடுக்க மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பாக்கித் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. தர வேண்டியதைவிடக் குறைத்துக் கொடுத்தது உறுதியானால் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் அதிகாரி யாரும் உங்கள் கிணற்றடிக்கு வந்து நிற்கப் போவதில்லை. விவசாய வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிப்பதும் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விவசாயம் சேர்க்கப்பட்டிருந்தது. ஆள் தட்டுப்பாட்டால் நம் ஊர்களில் பல வேலைகளுக்கு நடப்புக் கூலி அரசு நிர்ணயித்ததைவிட அதிகமாகவே போகிறது. ஆகவே கூலியைக் குறைத்துக் கொடுப்பதைவிட, கணக்கில்லாமல் கொடுப்பதுதான் நமக்குச் சிக்கலாக வரப்போகிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுவடைக்கு நெல்லாகக் கூலி அளக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. புதிய சட்டம் கூலியை ரொக்கமாகவோ, காசோலையாகவோ, வங்கிக் கணக்கு வழியாகவோ கொடுக்கச் சொல்கிறது. நெல் கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. அதைக் கூலிக் கணக்கில் காட்டித் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அடுத்தது, ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது. மண்வெட்டி வேலைக்கும் களையெடுப்புக்கும் வேறு கூலி என்று சொல்லலாம். வெங்காயம் பிடுங்கவும் பூப் பறிக்கவும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நிற்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது. 1976இலேயே தடை செய்யப்பட்ட இந்த வேறுபாடு, புதிய சட்டத்தின் மூன்றாவது பிரிவில் மீண்டும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

மில் வேனில் ஏறிப்போன பெண்கள்

திண்டுக்கல் சமவெளியில் விவசாயி, கூலி ஆள், மில் தொழிலாளி என்று மூன்று சாதியாக மனிதர்கள் இல்லை. வடமதுரை, வேடசந்தூர் சாலைகளில் விடிவதற்கு முன் வந்து நிற்கும் நூற்பாலை வேன்களில் ஏறுவது உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், உங்கள் காட்டில் களை எடுக்கும் பெண்ணின் மகளாகவும் இருக்கலாம். மானாவாரி பொய்த்த வருடங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த வேன்தான்.

அங்கே நடந்தவற்றை நாம் மறந்துவிடவும் கூடாது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லிப் பெண்களை அழைத்துப்போன காலம் இருந்தது. உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பியவர்கள் மொத்தப் பணத்தையும் இழந்தார்கள். இப்போது மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துவிட வேண்டும். உங்கள் மகளோ மருமகளோ மில்லுக்குப் போகிறார் என்றால் இந்த இரண்டையும் அவரிடம் சொல்லி வையுங்கள். நியமனக் கடிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்டுக்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சட்டத்தில் எழுதியிருப்பது தானாக நடந்துவிடாது என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2021 ஜனவரியில், இங்குள்ள நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. ஆனால், ஆலைக்குள் அதைச் சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் சங்கம், ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளர் உலகில் இதற்குத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர்.

அந்த ஒப்பந்தத்தில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து மிஷினில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதும், புகாரை எடுத்துப்போய் எழுத வைப்பதும் அவர்கள் வேலை. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டன. கண் முன்னால் ஒருவர் இருந்தார், கையில் ஒரு கணக்கு இருந்தது. அதனால் காகிதத்தில் இருந்த சட்டம் வேலை செய்தது.

அங்கே வேலை செய்த பெண்களில் சிலர் திருமணத்துக்குப் பிறகு ஊரோடு தங்கி உங்கள் நிலத்துக்கும் வருவார்கள். கூலிச் சீட்டு என்றால் என்ன, எங்கே புகார் செய்வது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது நல்லதுதான் என்பேன். நிலத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் யாராவது தவறாக நடந்தால், அது நில உரிமையாளராகவே இருந்தாலும், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவில் மூன்று மாதத்துக்குள் மனு கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காகவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் குழு வைக்கப்பட்டிருக்கிறது. மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போகும் விரிவாக்கப் பணியாளர்கள் இந்தச் செய்தியையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மருந்தடிக்க வந்தவர் மயங்கி விழுந்தால்

கூலியைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. அதை நம்மில் பலர் யோசித்ததே இல்லை.

மில்லில் ஒருவருக்குக் கை போனால் ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். நிலத்தில் ஈ.எஸ்.ஐ. கிடையாது. பூச்சிமருந்து தெளிப்பவர், டிராக்டர் போன்ற இயந்திரங்களை வைத்து உழவு செய்பவர், இயந்திரத்தில் கதிர் அறுத்து அடிப்பவர், போர்வெல் வேலை செய்பவர் ஆகியோரை இழப்பீடு பெற உரியவர்களாக 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த அட்டவணையைத் தொடர்கிறது. ஒரு நாள் கூலிக்கு வந்தவர்தானே என்று கையை விரிக்க முடியாது.

கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்தவர் என்றால் 5,000 பெருக்கல் 184.17, அதாவது 9,20,850 ரூபாய். வயது குறையக் குறையத் தொகை கூடும். இரண்டு ஏக்கர் மிளகாயும் கத்தரியும் வைத்திருப்பவர் இதற்கு எங்கே போவார்?

"அவர் குடித்திருந்தார்", "முகமூடி கொடுத்தேன், போடவில்லை" என்று சொல்லலாமா? சிறு காயமென்றால் அந்த வாதம் நிற்கும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அது நிற்காது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். இடுப்புயரத்துக்கு மேல் வளர்ந்த செடிக்குள், காற்றுக்கு எதிராக, பவர் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். நம் ஊரில் முருங்கைக்கும் மாவுக்கும் அண்ணாந்து அடிக்கிறோம். மருந்து மூஞ்சியில்தான் விழுகிறது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வாங்கித் தருவதோடு நிறுத்தாமல், போட்டால்தான் டேங்கைத் தூக்க விடுவேன் என்று சொல்லுங்கள். வெயில் ஏறிய பிறகு அடிக்க விடாதீர்கள். மருந்துப் புட்டியின் லேபிளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாடகை டிராக்டரும் ரோட்டாவேட்டரும் வந்தால் வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஓட்டுநருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரப்பில் இறக்குங்கள்.

எந்த அறுபது நாள்?

அடுத்தது நூறு நாள் வேலை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 'விக்சித் பாரத்' என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள புதிய சட்டத்துக்கு 2025 டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 100 நாள் 125 நாளாகிறது. ஆனால் பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. புதிய சட்டத்தில் 100 ரூபாயில் 40 ரூபாய் மாநிலத்தின் தலையில் விழுகிறது. மாநிலத்துக்கு ஒதுக்கிய தொகைக்கு மேல் போனால் அதுவும் மாநிலத்தின் பொறுப்பு. 125 நாள் என்று எழுதியிருப்பது கைக்கு எத்தனை நாளாக வரும் என்பது இந்தப் பங்கீட்டைப் பொறுத்தது.

விவசாயிகள் பலர் வரவேற்பது வேறொன்றை. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில், ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் அந்த வேலையை நிறுத்திவைக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. எந்த நாட்கள் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். களைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தவருக்கு இது இனிப்பாகத்தான் இருக்கும்.

நம் மாவட்டத்தில் எந்த 60 நாளைச் சொல்வீர்கள்? நிலக்கோட்டையில் மல்லிகை அரும்பை விரிவதற்குள் தினமும் விடியற்காலையில் பறித்தாக வேண்டும். அங்கே உச்சம் கோடையில். நத்தத்தில் மாம்பழமும் கோடையில்தான். வேடசந்தூர், குஜிலியம்பாறை மானாவாரிக்குப் புரட்டாசி, ஐப்பசி மழைதான் கணக்கு. ஆயக்குடி கொய்யாவுக்கு வேறு காலம். பழனிப் பக்கம் நெல்லுக்கு வேறு காலம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் காய்க்கோ வருடம் முழுக்க ஆள் வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே 60 நாளை அறிவித்தால் யாரோ ஒருவருக்குப் பொருந்தும், மற்றவர்களுக்குப் பொருந்தாது. இடத்துக்கு இடம் வேறு வேறு காலத்தை அறிவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை வட்டாரவாரியாக எழுதிக் கொடுங்கள். உதவி இயக்குநர் அலுவலகங்களும் பயிர்க் காலங்களைத் தொகுத்து அனுப்பலாம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையை நிறுத்தினால் ஆள் தானாக நம் வரப்புக்கு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் காட்டில் ஒரு முழு நாள் குனிந்து நிற்கக்கூடியவர்கள்? இளவயதுக்காரர்கள் மில் வேனில் ஏறிவிட்டார்கள். இருக்கும் வயதானவர்களுக்கு அது மருந்துச் செலவுக்கும் அரிசிக்கும் ஆகும் பணம். தமிழ்நாட்டில் 2025-26இல் அந்த வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். அதை இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, கோபத்தோடு இருப்பவரைக் களைக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்?

ஒரு நோட்டு

நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு இருக்கிறது. மில்லில் பஞ்சிங் இருக்கிறது. யார் வந்தார், எவ்வளவு வாங்கினார் என்ற கணக்கே இல்லாத வேலையிடம் நம் நிலம்தான். இதனால் வேலைக்கு வருபவருக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம்.

இருபது ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேதி, பெயர், என்ன வேலை, எவ்வளவு கூலி, கையெழுத்து அல்லது கைரேகை. ஆள் கூட்டி வந்தவரிடம் மொத்தமாகக் கொடுத்தாலும், வந்தவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். செல்போனில் பணம் அனுப்பினால் அந்தப் பதிவே ஆதாரம். மூன்று வருடம் வரை மனு கொடுக்கலாம் என்பதால் நோட்டையும் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருங்கள். முன்பணம் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். ஆனால், அதைக் காட்டி இத்தனை நாள் என் காட்டுக்குத்தான் வர வேண்டும் என்று பிடித்துவைக்கக் கூடாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. வெளிமாநில ஆட்களை ஏக்கர் கணக்கில் பேசி இறக்குபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பெயர்ப் பட்டியல் இன்னொன்றுக்கும் உதவும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ள விவசாயத் தொழிலாளரும், இரண்டரை ஏக்கர் வரை நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் வரை புஞ்சை வைத்திருக்கும் விவசாயியும் சேரலாம். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் நிலமற்ற தொழிலாளருக்கான விபத்து மரண உதவியை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகவும், இயற்கை மரண உதவியை 20,000இலிருந்து 30,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். உங்கள் நோட்டில் உள்ள பெயர்களில் யாரிடம் அட்டை இல்லை என்று கேட்டு வி.ஏ.ஓ.விடம் அனுப்புங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் வயல்வெளிப் பள்ளி நடக்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்களுக்குப் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். உங்கள் நிலத்துக்கு வழக்கமாக வரும் பத்துப் பேருக்கு நீங்களே கட்டினாலும் 200 ரூபாய்தான், அரை ஆள் கூலி. இழப்பீட்டுப் பொறுப்பு இதனால் தீர்ந்துவிடாது. ஆனால் அந்தக் குடும்பம் மறுநாளே நடுத்தெருவில் நிற்காது. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குகிறது. மே 31க்குள் அவர்கள் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.